இணைப்பைத் துண்டிக்கக் கட்டணம் கேட்கலாமா?

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பகுதிகளிலும் தொலைக்காட்சி பெரும்பாலும் மூன்று வழிகளில் வீட்டுக்குள் வருகிறது. தெருக் கம்பங்களில் வயர் இழுத்துத் தரும் கேபிள்காரர் ஒருவர். மொட்டை மாடியில் டிஷ் பொருத்திச் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக ஒளிபரப்பைத் தரும் டி.டி.எச். நிறுவனம் மற்றொன்று, இணையத்தோடு சேர்த்து அலைவரிசைகளையும் விற்கும் ஃபைபர் நிறுவனம் அண்மையில் சேர்ந்த மூன்றாவது. இவற்றில் எதை விட்டு விலக முற்பட்டாலும், ‘பாக்ஸ் பாக்கி’, ‘ஒப்பந்தக் காலம் முடியவில்லை’, ‘இன்ஸ்டலேஷன் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும்’ என்று ஏதேனும் ஒரு பெயரில் கட்டணம் கேட்கப்படுவது உண்டு. வேலைக்குப் போகாமல் அலைந்து ஒரு நாள் கூலியை இழப்பதைவிட அந்தத் தொகையைக் கட்டிவிடுவதே மேல் என்று குடும்பங்கள் எண்ணிவிடுவதால், நியாயமற்ற கட்டணங்கள் கேள்வியின்றி நிலைபெறுகின்றன.

இத்தகைய தகராறுகளில் முதலில் தீர்க்க வேண்டிய வினா, செட்டாப் பாக்ஸ் யாருக்குச் சொந்தம் என்பதே ஆகும். தமிழ்நாட்டில் இந்த வினா சிக்கலானதற்கு ஒரு வரலாறு உண்டு. 2007இல் தொடங்கப்பட்டு 2011இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் புத்துயிர் பெற்ற தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம், 2017 செப்டம்பர் முதல் சந்தாதாரர்களுக்கு விலையின்றி செட்டாப் பாக்ஸ் வழங்கியது. விலையில்லை என்பதால் அது தங்களுக்கே உரியது என்று பல வீடுகளில் கருதப்பட்டாலும், பாக்ஸ் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. தனியார் இணைப்புக்கு மாறுவோர் அதைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. பின்னாளில் கேபிள் ஆபரேட்டர்கள் பலர் தனியார் நிறுவனங்களுக்கு மாறியபோது, ஒப்படைக்கப்படாத பாக்ஸ்களுக்காக நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கைகளும் வெளிவந்தன. ஆபரேட்டரின் ஆள் வந்து பழைய பாக்ஸைக் கழற்றிப் புதியதை மாட்டிச் செல்லும்போது ஒப்புகைச் சீட்டு எதுவும் கைமாறாவிட்டால், திருப்பித் தந்தவர் திருப்பித் தந்ததை நிரூபிக்க இயலாத நிலை பிறக்கிறது. துண்டிப்புக் கட்டணத் தகராறுகளின் வேர் பெரும்பாலும் இந்த இல்லாத சீட்டில்தான் இருக்கிறது.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2017 மார்ச்சில் வெளியிட்டு 2019 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிமுறைகள், பாக்ஸை முழு விலைக்கு வாங்குவதையும் வாடகைக்கு எடுப்பதையும் தனித்தனித் திட்டங்களாகப் பிரித்துக் காட்டுகின்றன. முழு விலை கொடுத்து வாங்கிய பாக்ஸுக்கு விலகும்போது பணம் கேட்பதற்கு அடிப்படையே இல்லை. வாடகைத் திட்டத்தில் பாக்ஸைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு ஈடாக வைப்புத்தொகையைத் திரும்பப் பெற வேண்டும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நிறுவும் கட்டணம், இடம் மாற்றும் கட்டணம், தற்காலிக நிறுத்தக் கட்டணம் ஆகியவற்றுக்கு முன்பு இருந்த உச்சவரம்புகளை டிராய் 2024 ஜூலைத் திருத்தத்தில் நீக்கிவிட்டது. ஆகவே பழைய வரம்புகளை இன்றும் சட்டமாக எடுத்துக்காட்டி வாதிடுவோர் தோற்க நேரிடும். ஆனால் அதே திருத்தம் கட்டணங்களை வெளிப்படையாக அறிவிக்கும் கடமையை நிறுவனங்கள் மீது சுமத்தியிருக்கிறது. எங்கும் அறிவிக்கப்படாத ஒரு தொகையை விலகும் நாளில் திடீரெனக் கேட்பவரிடம் அதன் எழுத்துவடிவ ஆதாரத்தைக் கேட்பதே இன்று வலுவான முதல் அடியாகும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாகிவிட்டது, இனி என்ன செய்ய முடியும் என்று சோர்வடைவோர் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவை அறிந்திருப்பது நல்லது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று அதிலேயே தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், அந்தத் தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டையே மற்றவர் பெற முடியும். 1963இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை விளக்கியுள்ளது. நிறுவும் செலவைத் தான் ஏற்று, பதிலாகப் பன்னிரண்டு மாதச் சந்தாவை எதிர்பார்த்த நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் இரண்டாவது மாதமே விலகினால் உண்மையான இழப்பு உண்டு. அதில் ஒரு பங்கைக் கேட்பது அநியாயம் ஆகாது. பத்து மாதம் கழித்து, பாக்ஸும் நல்ல நிலையில் திரும்பிவந்த பிறகு, முதல் மாதத்தில் விலகியவரிடம் கேட்கும் அதே முழுத் தொகையைக் கேட்டால் அதை இழப்பீடு என்று சொல்ல முடியாது, தண்டம் என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2023 டிசம்பரில் கேபிள், செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனங்களின் முன்கூட்டிய விலகல் கட்டணங்களை அடியோடு தடைசெய்ய முன்மொழிந்ததற்கும் இத்தகைய முறைகேடுகளே காரணமாயின.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தைப் புதிதாகக் கொண்டுவந்தது. நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தொகையும், மிகையான வைப்புத்தொகையும் அதன் வரையறைக்குள் அடங்கும். ஆயினும் ஒப்பந்தமே நியாயமற்றது என்ற அடிப்படையிலான புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. அது மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். சில நூறு ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லாதபடி, சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படைகளில் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை புகார்க் கட்டணமும் இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், புகாரளிப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இச்சட்டம் இடமளிக்கிறது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரிக்கும் வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளிக்கும் இது பெரும் பாதுகாப்பு. தொலைத்தொடர்புத் தகராறுகளில் நுகர்வோர் மன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2009இல் எழுந்த ஐயத்தையும் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் நீக்கிவிட்டது.

ஆணையத்தை அணுகுவதற்கு முன் ஆவணங்களை உருவாக்கிக்கொள்ள வேண்டும். விலகும் கோரிக்கையை வாய்மொழியாகச் சொல்லாமல் மின்னஞ்சலிலோ ஸ்பீடு போஸ்டிலோ அனுப்பி, வாடிக்கையாளர் சேவை மையம் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பாக்ஸை ஒப்படைக்கும்போது அதன் வரிசை எண்ணும் தேதியும் எழுதிய ஒப்புகையைக் கேட்டுப் பெறுவது அவசியம்; சீட்டுத் தர மறுத்தால் ஒப்படைக்கும் காட்சியையும் வரிசை எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்து அன்றே நிறுவனத்துக்கு அனுப்பிவிடலாம். அடுத்து 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். வழக்குக்குப் போகாமலேயே பேசித் தீர்க்க அது முயலும். இணையத்தை நிறுத்திவிடுவோம் என்ற நெருக்கடியில் பணம் கட்ட வேண்டிய நிலை வந்தால், எதிர்ப்புடன் செலுத்துவதாக எழுத்தில் தெரிவித்துவிட்டுக் கட்டலாம். அவ்வாறு கட்டிய தொகையைத் திரும்பக் கேட்டு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தை நாட முடியும்.