மிரட்டினால் வேலை நடக்குமா?

அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்று வெல்ஸ் ஃபார்கோ. 1852-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்த வங்கிக்கு, 2016 செப்டம்பரில் 185 மில்லியன் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதன் ஊழியர்கள் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் கணக்குகளைத் திறந்திருந்தார்கள். கடன்பற்று அட்டைகளுக்கும் விண்ணப்பித்திருந்தார்கள். இப்படித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 3.5 மில்லியன் வரை இருக்கலாம் என்று மறு ஆண்டில் தெரியவந்தது. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் இதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர்.

ஒருவர் தவறு செய்தால், அவர் கெட்டவர் என்று சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே தவற்றைச் செய்தால்? அவர்கள் வேலை செய்த சூழலையும் ஆராயத்தானே வேண்டும், மாணவர்களே?

எட்டு என்ற எண்

ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்திடமும் சேமிப்புக் கணக்கு, அட்டை, வீட்டுக்கடன் என எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது வங்கியின் இலக்கு. ஏன் எட்டு? எட்டைக் குறிக்கும் 'எய்ட்' என்ற ஆங்கிலச் சொல், 'கிரேட்' என்ற சொல்லோடு ஒலியில் இயைந்து வருகிறது என்பதே காரணம்! தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் வங்கியின் ஆண்டறிக்கையில் இப்படித்தான் விளக்கம் தந்தார்.

வட்டார மேலாளர்கள் காலை 11, பிற்பகல் 1, 3, மாலை 5 என நாளுக்கு நான்கு முறை ஒவ்வொரு கிளையின் விற்பனையையும் ஆராய்ந்தனர் என்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2015-இல் தொடுத்த வழக்கு கூறியது. இலக்கை எட்டாதவர்கள் கண்டிக்கப்பட்டனர். வேலை போய்விடும் என்றும் மிரட்டப்பட்டனர். ஒரு கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களோ ஓர் அளவுக்குத்தான் வருவார்கள். ஆகவே, பலர் கணக்குகளைப் பொய்யாகவே உருவாக்கினர்.

இதைப் பொருளியலில் 'குட்ஹார்ட் விதி' என்பார்கள். பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் கூறிய கருத்து அது. ஒன்றை அளக்கப் பயன்படும் எண்ணையே இலக்காக்கி நெருக்கினால், அந்த எண் உண்மையைக் காட்டுவதை நிறுத்திவிடும். நீங்கள் பாடத்தைப் புரிந்துகொண்டீர்களா என்று அளப்பதற்குத்தான் மதிப்பெண். மதிப்பெண் மட்டுமே குறி என்றாகிவிட்டால், பார்த்து எழுதத் தோன்றும் அல்லவா?

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் அமிக்டலா என்ற பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. ஹைப்போதாலமஸ் வழியாகச் செல்லும் அந்தக் கட்டளை, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எட்டுகிறது. அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது.

புலி துரத்தினால் ஓடுவதற்கு இந்த ஏற்பாடு அருமையானது. ஓடித் தப்பியதும் உடல் அமைதியாகிவிடும். ஆனால், மிரட்டும் மேலாளர் நாள்தோறும் வருகிறார். எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்தால் தூக்கம் கெடும். இரத்த அழுத்தம் உயரும். பின்விளைவுகளை எடைபோட்டுப் பார்க்கும் மூளையின் முன்பகுதியும் கடும் அழுத்தத்தில் திறம்பட இயங்காது.

அப்படியானால், அழுத்தமே கூடாதா? அப்படியல்ல. 1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதித்தனர். கடினமான பாடத்தைக் கற்க மிதமான அதிர்ச்சி உதவியது. அதிர்ச்சி மிகவும் கூடியபோது எலிகள் கற்பது தாமதமானது.

வேலைப்பளு மட்டுமே சிக்கல் அல்ல. லண்டனில் 1985-இல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களிடம் நடத்தப்பட்ட 'வைட்ஹால்' ஆய்வு, தம் வேலையைத் தாமே முடிவு செய்யும் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் வருவதைக் காட்டியது.

கெட்ட செய்தி மேலே போகாது

அச்சத்தின் இன்னொரு கேடு, அது வாயை அடைத்துவிடுவது. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். முடிவு நேர்மாறாக வந்தது! அக்குழுக்களில் பிழைகள் கூடுதலாக நடந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அங்குள்ளவர்கள் பயமின்றிப் பிழையை எடுத்துச் சொன்னார்கள் என்பதே அவர் கண்டறிந்த விளக்கம். மற்றக் குழுக்களில் பிழைகள் மறைக்கப்பட்டன.

வெல்ஸ் ஃபார்கோவில் மோசடி குறித்துப் புகார் செய்த ஒரு மேலாளர் 2010-இல் வேலையிழந்தார். அவரை மீண்டும் பணியில் அமர்த்தும்படி அமெரிக்கத் தொழிலாளர் துறை 2017-இல் உத்தரவிட்டது. உண்மை பேசியவருக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் வாய் திறப்பார்களா? மேலிடத்துக்கு அழகான எண்கள் மட்டுமே போய்ச் சேர்ந்தன.

விளைவு? ஜான் ஸ்டம்ப் 2016 அக்டோபரில் பதவி விலகினார். 2020-இல் அவருக்கு 17.5 மில்லியன் டாலர் அபராதமும், வங்கித் துறையில் பணியாற்ற வாழ்நாள் தடையும் விதிக்கப்பட்டன. வங்கி அதே ஆண்டில் மேலும் 3 பில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

கண்டிப்பா, பகடிவதையா?

கண்டிப்பான மேலாளர் எல்லாரும் கொடியவர் அல்லர். நல்ல மேலாளர் கடினமான வேலையைத் தருவார்; அதைச் செய்யும் வழியையும் காட்டுவார். தவறைத் தனியே அழைத்துத் திருத்துவார். பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவது, எட்ட முடியாத இலக்கைச் சொல்லித் தினமும் மிரட்டுவது, புகார் செய்தவரைப் பழிவாங்குவது ஆகியவை பகடிவதையின் அடையாளங்கள்.

நாளை நீங்களும் பகுதிநேர வேலைக்கோ வேலையிடப் பயிற்சிக்கோ செல்வீர்கள். அங்கே இப்படி நடந்தால் நாள், நேரம், சொன்ன சொல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனிதவளப் பிரிவிடமோ சொல்லுங்கள். ஒரு வேலையிடத்தை எடைபோட எளிய சோதனை ஒன்றும் உண்டு: "நான் தவறு செய்துவிட்டேன்" என்று அங்கே ஒருவர் பயமின்றிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.