சிக்கு புக்கு: ஒரு சுற்றுக்கு நான்கு

1992 ஆகஸ்டில் 'ரோஜா' வெளிவந்ததும் ஏ.ஆர். ரஹ்மான் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இசை போடுகிற பையன், ஒரு படத்தோடு சரி என்று தலையாட்டிய பெரியவர்களும் அப்போது இருந்தார்கள். 1993 ஜூலையில் ஷங்கர் இயக்கிய முதல் படமான 'ஜென்டில்மேன்' வந்தது. அதிலுள்ள 'சிக்கு புக்கு ரயிலே' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிப் போனது.

பாடியவர் சுரேஷ் பீட்டர்ஸ். இளமையில் ரஹ்மானோடு 'ரூட்ஸ்' என்ற வாத்தியக் குழுவில் இருந்தவர். கூடவே கேட்கும் சிறுவன் குரல் ரஹ்மானின் சகோதரி மகன் ஜி.வி. பிரகாஷுடையது. ஆடியவர்கள் கௌதமியும் பிரபுதேவாவும். பிரபுதேவா 1973இல் பிறந்தது நம் மைசூரில்தான். அவருடைய தந்தை மூகூர் சுந்தர் பெயரிலுள்ள மூகூர், தி. நரசிபுரம் தாலுகாவில் இருக்கும் ஊர். இங்கே வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரயில்வேயில் காலம் தள்ளியவன் என்பதால் அந்தப் பாட்டில் என் காதைப் பிடித்து இழுப்பது தலைப்புதான். நீராவி இன்ஜினில் பொதுவாக இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் நீராவி பிஸ்டனை இரு பக்கமும் மாறி மாறித் தள்ளும். வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே பீறிட்டு வெளியேறும். ஆக, சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு சத்தம். சிக்-கு-புக்-கு: எண்ணிப் பாருங்கள், சரியாக நான்கு!

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மீட்டர்கேஜில் ஓடிய ஒய்.பி. இன்ஜினின் இயக்குசக்கரம் 1372 மில்லிமீட்டர் விட்டம். மணிக்கு 10 கிலோமீட்டரில் நகர்ந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 155 சத்தம் வரும். 40 கிலோமீட்டரில் விநாடிக்குப் பத்தாகிவிடும்; வாயால் சொல்லவே முடியாது. ஆகவே சிக்கு புக்கு என்பது ஸ்டேஷனை விட்டு அப்போதுதான் கிளம்பும் ரயில். அந்த நான்கு சத்தமும் ஒரே சீராக வரவேண்டும். ஒன்று பிசகினாலும் வால்வு சரியில்லை என்று அனுபவமுள்ள டிரைவர் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இந்தச் சீரைத்தான் 'சீக்வென்சர்' தருகிறது. அதற்குள் ஓசை எதுவும் கிடையாது. எந்த ஓசை, எந்தக் கணத்தில், எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள் மட்டுமே. கண்ட்ரோல் ஆபீஸில் ரயில் நிற்பதில்லை, உத்தரவு மட்டும் போகிறதல்லவா, அதுபோல. ஒலிப்பது சிந்தசைசரும், பதிவுசெய்த ஓசையைக் கட்டைகளில் வாசிக்க உதவும் 'சாம்ப்ளரும்'. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேச 'மிடி' என்ற பொதுமொழி 1983இலேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு அதற்கும் முன்பே, 1977இல், ரயிலின் தாளத்தைச் சிந்தசைசரில் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் யந்திரச் சீர் மட்டும் போதாது. சுரேஷ் பீட்டர்ஸின் குறும்புக் குரல் இல்லாவிட்டால் அது வெறும் ஒர்க்‌ஷாப் சத்தம்தான் என்பேன்.

பாட்டு வந்த காலத்திலேயே நீராவி இன்ஜின்கள் விடைபெற்றுக் கொண்டிருந்தன. இன்று மின்சார ரயிலை மட்டுமே பார்த்த பேரன் பேத்திகளும், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து ரயில் விட்டால் 'சிக்கு புக்கு' என்றுதான் கூவுகிறார்கள். நம் ஸ்டேஷன் அருகே 1979இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்கு அவர்களை அழைத்துப்போய் சிலிண்டரையும் பிஸ்டன் தண்டையும் காட்டுங்கள். உண்மைச் சத்தம் வேண்டுமானால் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைரயில் இருக்கிறது. அதற்கு நான்கு சிலிண்டர். சத்தக் கணக்கு வேறு.