பிரிட்டிஷ் பாட்காஸ்டில் பேசுவது யார்?

லண்டனில் காலையில் ஓர் அமைச்சர் பதவி விலகினால், இரவுக்குள் அதைப் பற்றி நான்கைந்து பாட்காஸ்ட்கள் வந்துவிடுகின்றன. எல்லாவற்றிலும் இரண்டு மூன்று பேர் சரளமாக, உள்விவரம் அறிந்தவர்களாகப் பேசுகிறார்கள். கேட்கும் நமக்கு அவர்கள் எல்லோரும் ஒரே வகையினராகத் தோன்றும். ஆனால் அவர்களில் ஒருவர் செய்தி நிருபர், ஒருவர் பத்தி எழுத்தாளர், ஒருவர் முன்னாள் அமைச்சர். யார் எந்த வகை என்று தெரியாமல் கேட்டால், ஒருவருடைய விருப்பத்தைச் செய்தி என்று நம்பிவிடுவோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பிரிட்டனில் தொலைக்காட்சியும் வானொலியும் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வருகின்றன. அரசியல் சர்ச்சைகளில் அவை உரிய நடுநிலை காக்க வேண்டும் என்பது விதி. பத்திரிகைகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரு நாளிதழ் தன் கட்சிச் சார்பை வெளிப்படையாகவே சொல்லலாம், தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று தலையங்கமும் எழுதலாம். பாட்காஸ்ட், காதால் கேட்கும் ஊடகமாக இருந்தாலும், இந்த விஷயத்தில் பத்திரிகையின் பக்கம்தான் நிற்கிறது. ஆஃப்காமின் நடுநிலை விதி அதைக் கட்டுப்படுத்துவதில்லை. வானொலியில் கேட்ட அதே குரல் பாட்காஸ்டில் வேறு மாதிரிப் பேசுவதற்கு இதுவே காரணம்.

பிபிசி மட்டும் தனி. அதன் பாட்காஸ்ட்களுக்கு அதன் சொந்த ஆசிரியர் குழு நெறிமுறைகள் பொருந்தும். 2017-இல் 'பிரெக்ஸிட்காஸ்ட்' என்ற பெயரில் பேசத் தொடங்கிய நிருபர்கள்தான் பின்னர் 'நியூஸ்காஸ்ட்' ஆனார்கள். ஆடம் ஃப்ளெமிங், கிறிஸ் மேசன், லாரா குன்ஸ்பெர்க் போன்றவர்கள் அதில் நண்பர்கள்போலச் சிரித்துப் பேசுவார்கள். ஆனால் பிரதமர் செய்தது சரியா தவறா என்ற தீர்ப்பை அவர்களிடமிருந்து எதிர்பார்க்கக் கூடாது. கட்சிக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள், அடுத்து என்ன நடக்கக்கூடும் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் அனுமதி பெற்று இயங்கும் அரசியல் நிருபர்களை 'லாபி' என்பார்கள். பெயர் வெளியிடக் கூடாது என்ற உடன்பாட்டில்தான் அவர்களுக்குப் பல தகவல்கள் கிடைக்கின்றன. "ஒரு மூத்த அமைச்சர் என்னிடம் சொன்னார்" என்று நிருபர் கூறும்போது, அந்த அமைச்சருக்கு அதைச் சொல்வதில் ஏதோ ஒரு லாபம் இருந்திருக்கும். நிருபர் நேர்மையானவராக இருந்தாலும் இது மாறாது.

பிபிசியின் கட்டுப்பாட்டிலிருந்து வெளியேறியவர்களின் கதை 'தி நியூஸ் ஏஜென்ட்ஸ்'. எமிலி மெய்ட்லிஸ், ஜான் சோபெல், லூயிஸ் குடால் மூவரும் பிபிசியில் பெயர் பெற்றவர்கள். 2020 மே மாதம், அன்றைய பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கு விதிகளை மீறினார் என்று பிபிசியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே மெய்ட்லிஸ் சொன்னார். அது நடுநிலை நெறிகளுக்குப் பொருந்தவில்லை என்று பிபிசி அறிவித்தது. 2022 ஆகஸ்டில் மூவரும் குளோபல் நிறுவனத்துக்காக இந்தப் பாட்காஸ்டைத் தொடங்கினார்கள். இதில் அவர்கள் செய்தி சேகரிக்கிறார்கள், கருத்தும் சொல்கிறார்கள். ஒரே வாக்கியத்தின் முதல் பாதி தகவலாகவும் மறுபாதி அபிப்பிராயமாகவும் இருக்கும். பிரித்துக் கேட்பது நம் வேலை.

நடுநிலை விதி இல்லை என்பதால் எதையும் பேசலாம் என்று அர்த்தமில்லை. அவதூறுச் சட்டமும் நீதிமன்ற உத்தரவுகளும் பாட்காஸ்டையும் கட்டுப்படுத்தும். இதற்கு குடாலின் அனுபவத்தைவிட அழுத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. பிரிட்டனில் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்த சுமார் 19,000 ஆப்கானியர்களின் விவரங்கள், 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து தவறுதலாக வெளியே போயின. தாலிபான் கையில் அவை சிக்கினால் அவர்கள் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, 2023-இல் அமைச்சகம் நீதிமன்றத் தடை வாங்கியது. சாதாரணத் தடை அல்ல, தடை இருக்கிறது என்பதைக்கூட வெளியே சொல்லக் கூடாத தடை. விஷயம் தெரிந்த சில பத்திரிகையாளர்களில் குடாலும் ஒருவர். 2025 ஜூலை 15 அன்று தடை நீங்கும்வரை, தினமும் மைக் முன்னால் அமர்கிற மனிதர் இதைப் பற்றி ஒரு சொல் பேச முடியவில்லை. நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் தெரியாமல் ஓர் அரசு இத்தனை காலம் மறைத்து வைக்க முடிந்ததே என்பதுதான், தடை நீங்கியபின் எழுந்த பெரிய கேள்வி. எழ வேண்டிய கேள்வியும்கூட.

அடுத்து கருத்துரையாளர்கள். 2017-இல் 'ரிமெய்னியாக்ஸ்' என்று தொடங்கி, பிரெக்ஸிட் முடிந்தபின் 'ஓ காட், வாட் நவ்?' என்று பெயர் மாற்றிக்கொண்ட பாட்காஸ்ட் நல்ல உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதை எதிர்ப்பதே அதன் பிறப்பின் காரணம், அதை அவர்கள் மறைத்ததே இல்லை. அதில் பேசும் இயன் டன்ட் பத்தி எழுத்தாளர், வெஸ்ட்மின்ஸ்டர் இயங்கும் விதம் பற்றிப் புத்தகம் எழுதியவர். டோரியன் லின்ஸ்கி, ஆர்வெலின் '1984' நாவலின் வரலாற்றை எழுதியவர். சார்பை மறைக்காத இப்படிப்பட்டவர்களைக் கேட்பது, நடுநிலை வேடம் போடுகிறவர்களைக் கேட்பதைவிட எவ்வளவோ மேல். அவர்கள் வாதத்தை எடைபோடலாம், மறுக்கலாம். எதிர்த்தரப்பின் சிறந்த வாதத்தை மட்டும் வேறு இடத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை முன்னாள் அதிகாரப் புள்ளிகள். 'தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்' நடத்தும் அலஸ்டர் கேம்ப்பெல், தொழிற்கட்சிப் பிரதமர் டோனி பிளேரின் ஊடகத் தலைவராக இருந்தவர். ரோரி ஸ்டூவர்ட் கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் அமைச்சர். இடதும் வலதும் மோதுகின்றன என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. உண்மையில் இருவருமே 2019-இல் பிரெக்ஸிட் சண்டையில் தங்கள் கட்சிகளோடு முறித்துக்கொண்டவர்கள், பல விஷயங்களில் ஒத்த கருத்துள்ளவர்கள். அமைச்சரவைக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதை அவர்களைப்போல யாரும் சொல்ல முடியாது. கணிப்பு என்று வந்தால் எச்சரிக்கை தேவை. 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் வெல்வார் என்று ஸ்டூவர்ட் உறுதியாகச் சொல்லியிருந்தார், முடிவு வந்தபின் தவறை ஒப்புக்கொண்டார்.

ஆகவே, புதிதாக ஒரு பாட்காஸ்டைக் கேட்கத் தொடங்கும்போது பேசுகிறவரின் பெயரை ஒருமுறை தேடிப் பாருங்கள். முன்பு எங்கே வேலை செய்தார், எந்தக் கட்சியில் இருந்தார், இப்போது யார் சம்பளம் தருகிறார்கள் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.