தாமஸ் ஹோவர்ட், 4ஆம் நார்ஃபோக் கோமகன்

தாமஸ் ஹோவர்ட் (இறப்பு: ஜூன் 2, 1572) என்பவர் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் வாழ்ந்த இங்கிலாந்துப் பிரபு ஆவார். நார்ஃபோக்கின் நான்காம் கோமகனான (டியூக்) இவர், அக்காலத்தில் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த ஒரே கோமகன். ஸ்காட்லாந்து அரசி மேரியை மணம் புரிய முயன்றதும், பின்னர் ரிடோல்ஃபி சதியில் தொடர்புபட்டதும் இவருடைய உயிருக்கு முடிவாயின.

குடும்பப் பின்னணி

இவர் பிறந்த ஆண்டை நூல்கள் 1536 என்றும் 1538 என்றும் இருவகையாகக் குறிக்கின்றன. தந்தை சர்ரே பிரபுவான ஹென்றி ஹோவர்ட், ஆங்கிலக் கவிஞர்களுள் குறிப்பிடத்தக்கவர். தாய் பிரான்செஸ் டி வேர், ஆக்ஸ்போர்ட் பிரபுவின் மகள். எலிசபெத் அரசியின் தாயாகிய ஆன் பொலினும் சர்ரே பிரபுவும் அத்தை மகள், மாமன் மகன் உறவினர். எனவே அரசிக்கு இவர் இரண்டாம் தலைமுறை உறவினர் ஆகிறார்.

1547 ஜனவரியில் எட்டாம் ஹென்றி மன்னர், தேசத்துரோகக் குற்றத்தின் பேரில் சர்ரே பிரபுவின் தலையை வெட்டச் செய்தார். பாட்டனாராகிய மூன்றாம் கோமகனும் அதே கதியை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தார். ஆனால் சில நாட்களிலேயே மன்னர் இறந்துபோனதால் அவர் உயிர் பிழைத்தார். அவருக்கு விடுதலை கிடைத்தது 1553 இல் மேரி டியூடர் அரசியானபோதுதான். 1554 இல் அவர் இறக்க, பேரனாகிய தாமஸ் கோமகன் பட்டம் பெற்றார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் இவருக்கு ஆசிரியராக இருந்தவர் ஜான் ஃபாக்ஸ். இவரே பின்னாளில் சீர்திருத்தத் திருச்சபைக்காக உயிர் நீத்தவர்களின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்றவர். ஆசிரியர் மீது கோமகன் கொண்ட அன்பு இறுதிவரை மாறவில்லை. கத்தோலிக்கச் சதிக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் இவரிடம் பயின்றவர் என்பது, அக்காலத்து அரசியலில் சமயம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

திருமணங்கள்

கோமகன் மூன்று முறை மணம் புரிந்தார். மூன்று மனைவியரும் இவருக்கு முன்னரே இறந்தனர். முதல் மனைவி மேரி ஃபிட்ஸ்ஆலன், அருண்டெல் பிரபுவின் மகள். 1557 இல் பிலிப் என்ற மகனைப் பெற்ற சில வாரங்களில் அவர் மறைந்தார். இரண்டாம் மனைவி மார்கரெட் ஆட்லி. இவருக்குப் பிறந்தவர்களுள் தாமஸ், வில்லியம் என்ற இரு மகன்களும் மார்கரெட் என்ற மகளும் வளர்ந்து ஆளாயினர். 1564 இல் இவரும் இறந்தார்.

மூன்றாம் மனைவி எலிசபெத் லேபர்ன், டேக்கர் பிரபுவின் கைம்பெண். 1567 இல் மணந்த அதே ஆண்டிலேயே இவரும் காலமானார். இவருடைய முதல் மணத்துப் பிள்ளைகளான ஒரு மகனும் மூன்று மகள்களும் கோமகனின் பொறுப்பில் வந்தனர். 1569 இல் அந்தச் சிறுவன் பயிற்சிக்கான மரக்குதிரையிலிருந்து ஏற்பட்ட விபத்தில் இறந்தான். வடநாட்டின் பரந்த டேக்கர் நிலங்கள் மூன்று சகோதரிகளுக்கும் உரியவாயின. கோமகன் அம்மூவரையும் தம் மூன்று மகன்களுக்கே மணம் முடிக்க ஏற்பாடு செய்தார். சொத்து வெளியே போகாமல் காக்கும் இந்த வழி நம் வாசகர்களுக்குப் புதிதன்று. ஆனால் சிறுமிகளின் சிற்றப்பன் லெனார்ட் டேக்கர் அதனை ஏற்கவில்லை. 1570 இல் அவர் ஆயுதம் ஏந்திக் கிளர்ந்து தோல்வியுற்றார்.

ஸ்காட்லாந்து அரசி மேரி

1568 மே மாதத்தில் அரியணை இழந்த மேரி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். இரண்டாம் கணவர் டார்ன்லியின் கொலையில் அவருக்குப் பங்கு உண்டா என்பதை ஆராய யார்க் நகரில் ஓர் ஆணையம் கூடியது. அதன் தலைவர் நார்ஃபோக் கோமகனே. மேரியின் கையெழுத்தில் உள்ளவையாகக் கூறப்பட்ட கடிதங்களை எதிர்த் தரப்பினர் அவரிடம் காட்டினர். அவற்றைக் கண்டு அதிர்ச்சி அடைந்ததாகவே அவர் அரசிக்கு எழுதினார். வியப்பு என்னவெனில், அதே நாட்களில்தான் ஸ்காட்லாந்து அமைச்சர் மெய்ட்லண்டு, கோமகனே மேரியை மணக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார்.

எலிசபெத் மணமாகாதவர், மேரியோ அரியணைக்கு அடுத்த உரிமை கோரக்கூடியவர். மேரியை மணப்பவரின் பிள்ளை இரு நாடுகளையும் ஆளக்கூடும். எலிசபெத் நேரில் கேட்டபோது கோமகன் அத்தகைய எண்ணம் இல்லை என மறுத்தார். ஆயினும் திட்டம் திரைமறைவில் தொடர்ந்தது. கோமகன் மேரிக்கு ஒரு வைரத்தையும் அனுப்பினார். செய்தி வெளிப்பட்டதும் அரசவையை விட்டு அனுமதியின்றி நீங்கினார். மீண்டும் அழைக்கப்பட்டு 1569 அக்டோபரில் லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். அடுத்த மாதம் வடநாட்டுப் பிரபுக்களின் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ந்தவர்களுள் ஒருவரான வெஸ்ட்மோர்லண்ட் பிரபு இவருடைய சகோதரியின் கணவர். கோமகன் அதில் சேரவில்லை. 1570 ஆகஸ்டில் கோபுரத்திலிருந்து தம் இல்லத்துக் காவலுக்கு மாற்றப்பட்டார். இனி மேரியுடன் தொடர்பு கொள்வதில்லை என எழுதிக் கொடுத்தார்.

அந்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். ஆனால் புளோரன்ஸ் நகர வணிகர் ரொபர்ட்டோ ரிடோல்ஃபி, ஸ்பானியப் படையின் உதவியுடன் எலிசபெத்தை நீக்கி மேரியை அரியணை ஏற்றும் திட்டத்துடன் அவரை அணுகினார். 1571 இல் கோமகனின் செயலர்கள், வெள்ளிப் பணம் என்று கூறி ஒரு பையைத் துணி வணிகர் ஒருவரிடம் கொடுத்து வடக்கே அனுப்பினர். பையின் எடை அவருக்கு ஐயத்தை உண்டாக்கியது. திறந்து பார்த்தபோது 600 பவுன் மதிப்புள்ள பொற்காசுகளும் சங்கேதக் கடிதங்களும் இருந்தன. அவை அமைச்சர் சிசிலின் கைக்குச் சென்றன.

விசாரணையும் மரணமும்

1572 ஜனவரி 16 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் 26 பிரபுக்கள் முன் விசாரணை நடந்தது. தேசத்துரோக வழக்குகளில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால் கோமகன் தனியே வாதாடினார். குற்றவாளி என அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் எலிசபெத் மரண ஆணையில் ஒப்பமிடுவதும் அதனைத் திரும்பப் பெறுவதுமாக மாதங்கள் கழிந்தன. மே மாதத்தில் கூடிய நாடாளுமன்றம் மேரி, கோமகன் இருவர் தலையையும் கேட்டது. அரசி மேரியைக் காத்துக் கோமகனைக் கைவிட்டார். ஜூன் 2 அன்று டவர் குன்றில் தண்டனை நிறைவேறியது. தாம் ஒருபோதும் கத்தோலிக்கராக இருந்ததில்லை என அவர் மேடையில் கூறினார். முதிய ஆசிரியர் ஃபாக்ஸ் இறுதியில் உடன் இருந்தார்.

வழித்தோன்றல்கள்

மூத்த மகன் பிலிப், தாய்வழி உரிமையால் அருண்டெல் பிரபு ஆனார். 1584 இல் கத்தோலிக்கத்தைத் தழுவி, மறு ஆண்டு நாட்டை விட்டுக் கடல் வழியே தப்ப முயன்றபோது பிடிபட்டார். பத்தாண்டுச் சிறைவாசத்திற்குப் பின் 1595 இல் லண்டன் கோபுரத்திலேயே இறந்தார். சிறையில் இருந்தபோது பிறந்த மகனை அவர் கண்ணால் காணவே இல்லை. 1970 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

இரண்டாம் மகன் தாமஸ் 1588 இல் ஸ்பானியக் கப்பற்படைக்கு எதிராகப் போரிட்டு, பின்னர் சஃபோக் பிரபுவாகவும் அரசின் தலைமைக் கருவூலராகவும் உயர்ந்தார். கையாடல் குற்றத்தால் பதவி இழந்தார். வில்லியம் டேக்கர் குடும்பத்து நவொர்த் கோட்டையில் வாழ்ந்தார். கார்லைல் பிரபுக்கள் இவர் வழி வந்தோர்.

பறிக்கப்பட்ட கோமகன் பட்டம் 1660 இல் இவருடைய எள்ளுப்பேரனுக்கு மீண்டும் அளிக்கப்பட்டது. அரச விழாக்களை நடத்தும் ஏர்ல் மார்ஷல் பதவி இக்குடும்பத்திற்குப் பரம்பரை உரிமையாக உள்ளது. 2022 இல் இரண்டாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்கையும் 2023 இல் மூன்றாம் சார்ல்ஸின் முடிசூட்டு விழாவையும் ஒழுங்கு செய்தவர் 18ஆம் கோமகன். அவருடைய குடும்பப் பெயர் ஃபிட்ஸ்ஆலன்-ஹோவர்ட். அதன் முற்பாதி, 1557 இல் இளவயதில் இறந்த முதல் மனைவியின் குடும்பத்துப் பெயராகும்.