பழைய விசைப்பலகையைத் திருப்பிப் பாருங்கள்

மாதத்தின் முதல் வாரத்தில் சூரியநெல்லியிலிருந்து நமது கிளைக்கு வந்து செல்லும் வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. தேயிலைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தராக நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு ஆனி மாதத்து மழை நாளொன்றில், நனைந்த குடையை வாயிலில் சாய்த்துவிட்டு, பாஸ்புக்கை நீட்டியபடியே அவர் கேட்டார்: "சார், உங்கள் கிளையில் பழைய கீபோர்டு ஏதாவது கிடக்கிறதா? தட்டினால் சத்தம் வருமே, அந்த மாதிரி."

வேடிக்கையாகக் கேட்கிறார் என்றே முதலில் எண்ணினோம். பேசப் பேச, அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் பதினொரு பழைய விசைப்பலகைகள் இருப்பதும், அவற்றுள் பெரும்பாலானவற்றை இணையவழி விற்பனைத் தளங்களில் தேடி வாங்கியிருப்பதும் தெரிய வந்தன. காரணம் கேட்டோம். "தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து சம்பளப் பட்டியலை நான்தான் அடித்தேன். கண் கொழுந்து எடைச் சீட்டில் இருக்கும், விரல் கீபோர்டில் இருக்கும். எண் விழுந்ததா என்பதைக் காது சொல்லிவிடும். ஓர் எண் விட்டுப்போனால் ஓர் அம்மாவுடைய கூலி குறைந்துவிடும் சார்" என்றார்.

வங்கிப் பணியில் இருக்கும் நமக்கு அந்த விடை எளிதில் விளங்கியது. 2004-ஆம் ஆண்டில் நாம் பணியில் சேர்ந்தபோது, காசாளர் மேசையிலும் அதே ஒலிதான் கேட்டுக்கொண்டிருந்தது. கண் செலுத்துச் சீட்டில், விரல் எண் விசைகளில். அப்போது அதை இரைச்சல் என்றே நினைத்தோம்.

அவருடன் அடுத்தடுத்த மாதங்களில் பேசியதிலிருந்து நாம் கற்றவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். பழைய விசைப்பலகையை இனங்காண்பது எப்படி என்பது ஒன்று. அவ்வாறு இனங்காணும் பழக்கம் நமது பணத்தையும் காக்கும் என்பது மற்றொன்று.

ஒலி எங்கிருந்து வருகிறது?

இன்று விலை குறைந்த விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. விசையை அழுத்தினால் குமிழ் அமுங்கி, கீழேயுள்ள மெல்லிய படலத்திலான மின்சுற்றை இணைக்கும். தயாரிப்புச் செலவு குறைவு, ஒலியும் குறைவு.

பழைய உயர்தர விசைப்பலகைகளின் அமைப்பு வேறு. அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் 1981-இல் தன் தனிநபர் கணினியுடன் வெளியிட்ட விசைப்பலகையிலும், 1980-களின் நடுவில் வெளியிட்ட 'மாடல் எம்' விசைப்பலகையிலும் ஒவ்வொரு விசைக்கும் ஒரு சுருள்வில் உண்டு. குறிப்பிட்ட அழுத்தத்தில் அந்தச் சுருள்வில் சட்டென்று மடங்கும். அந்தக் கணத்தில் விரலுக்கு ஒரு துடிப்பும் காதுக்கு ஒரு 'டக்' ஒலியும் கிட்டும், அதே கணத்தில் எழுத்தும் பதிவாகும். ஜெர்மானிய நிறுவனமான செர்ரி, விசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிட்சு அமைக்கும் முறையைப் பரப்பியது. அச்சுவிட்சுகளின் நடுத்தண்டு நிறத்தைக் கொண்டே தன்மையை அறியலாம். நீலம் என்றால் ஒலியும் துடிப்பும் உண்டு. பழுப்பு என்றால் துடிப்பு மட்டும். கறுப்பு என்றால் இரண்டும் இல்லாத சீரான இறக்கம்.

நம் நாட்டு மேசைகளில்

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் போற்றும் ஐபிஎம் விசைப்பலகைகள் நம் நாட்டில் அரிதாகவே கிடைக்கின்றன. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தை ஒட்டி ஐபிஎம் நிறுவனம் 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. மீண்டும் டாடா குழுமத்துடன் கைகோத்து 1990-களின் தொடக்கத்தில்தான் திரும்பியது. தனிநபர் கணினி உலகெங்கும் பரவிய காலத்தில் அந்நிறுவனம் இங்கே இல்லை.

அதே காலத்தில்தான் நம் வங்கிகள் கணினியை நோக்கி நகர்ந்தன. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, கிளைகளுக்குப் பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் வரத் தொடங்கின. பின்னர் டெர்மினல்கள் வந்தன, அதன்பின் மையப்படுத்தப்பட்ட வங்கிச் சேவை வந்தது. இந்தப் பயணத்தில் பல மேசைகளில் இடம்பிடித்தது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 'கோல்டு' விசைப்பலகை. செர்ரியின் நீலச் சுவிட்சுகளுடன் அது பல ஆண்டுகள் விற்பனையானது. வெளிநாட்டினர் ஆர்வத்துடன் தேடும் ஒரு சுவிட்சு, நம் ஊர் வங்கிகளிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் அன்றாடப் பொருளாக இருந்தது. சூரியநெல்லி அன்பரின் தோட்ட அலுவலகத்தில் இருந்ததும் இதுவே.

வணிகவியல் பயின்றவர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. வங்கிகளில் கணினிச் சாதனங்களின் மதிப்பு மூன்று ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்கப்பட்டுவிடும். நமது சொத்துப் பதிவேட்டில் ஒரு ரூபாய் என்ற பெயரளவு மதிப்புடன் நின்ற விசைப்பலகைகள் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் பிழையின்றி உழைத்தன. ஏட்டு மதிப்பு வேறு, பயன்மதிப்பு வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

காலத்தைக் காட்டும் அடையாளங்கள்

விற்பனை விளம்பரத்தில் "மிகப் பழைமையானது" என்று எழுதுவது எளிது. பொருளோ தன் வயதைத் தானே சொல்லும். அன்பர் கடைப்பிடிக்கும் வரிசை இது.

முதலில் செருகியைப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் ஐந்து முனைகளுடன் வட்டமாக இருந்தால் அது தனிநபர் கணினியின் தொடக்ககால வழக்கம். ஆறு முனைகளுடன் சிறிய வட்டமாக இருந்தால் 1987-க்குப் பிற்பட்டது. யூஎஸ்பி செருகி 1996-க்குப் பின் வந்தது. தொலைபேசி வடத்தின் முனை போன்ற செருகி இருந்தால், அது பழைய டெர்மினலுக்கு உரியதாக இருக்கலாம். தக்க மாற்றி இல்லாமல் இன்றைய கணினியில் அது இயங்காது.

இரண்டாவதாக, செயல் விசைகள். இடப்பக்கம் இரு வரிசைகளில் பத்து விசைகள் இருந்தால் அது ஐபிஎம் கணினியின் முதல் தலைமுறை அமைப்பு. மேல்வரிசையில் பன்னிரண்டு இருந்தால் 101 விசைகள் கொண்ட பிற்கால அமைப்பு. அந்த அமைப்பே இன்றுவரை தொடர்கிறது.

மூன்றாவதாக, விண்டோஸ் சின்னம் பொறித்த விசை. இது 1994-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விசைப்பலகையில் அறிமுகமாகி, அதன்பின் 101 விசைகளை 104 ஆக்கியது. கீழ்வரிசையில் இச்சின்னம் இருக்கும் விசைப்பலகை 1980-களைச் சேர்ந்ததாக இருக்க இயலாது.

நான்காவதாக, ரூபாய்க் குறியீடு. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த இக்குறியீட்டை நடுவண் அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்டது. விசையில் அது அச்சிடப்பட்டிருந்தால் பொருளின் வயது அதற்குப் பிற்பட்டதே.

ஐந்தாவதாக, அனைத்தையும்விட முதன்மையானது: பின்புறம். மாதிரி எண், வரிசை எண், தயாரித்த நாடு ஆகியவை அங்குள்ள ஒட்டுச்சீட்டில் இருக்கும். மாடல் எம் போன்றவற்றில் தயாரித்த தேதியே அச்சிடப்பட்டிருக்கும். அவ்வகையில் பரவலாகக் காணப்படும் மாதிரி எண் 1391401. இத்துடன், ஒரு விசையின் மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் சுவிட்சின் படத்தையும் கேட்டுப் பெற வேண்டும். மேற்பெயர் ஒன்றாக இருப்பினும் உள்ளே இருப்பது மாறியிருக்கக்கூடும்.

'க' எங்கே இருக்கிறது?

தமிழ் எழுத்துகள் பொறித்த விசைப்பலகை கிடைத்தால் அது தனி மகிழ்ச்சி. அதன் மரபை அறிய ஓர் எழுத்தின் இடத்தைப் பார்த்தாலே போதும்.

'க' என்னும் எழுத்து ஆங்கில 'எஃப்' விசையில் இருந்தால், அது தட்டச்சுப் பொறியிலிருந்து வந்த மரபு. 247 எழுத்துகளை ஒரு கைப்பொறியின் சில விசைகளுக்குள் அடக்க வழிகண்ட யாழ்ப்பாணத்து ரா. முத்தையாவை இங்கே நன்றியுடன் நினைவுகூர வேண்டும். 'கே' விசையில் இருந்தால், இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. 'எச்' விசையில் இருந்தால், 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' அமைப்பு. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் பெரும்பாலான மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கும்.

பணம் செலுத்துமுன்

இத்தனை அறிந்தவரும் ஒருமுறை ஏமாந்தார் என்பதை, அவர் அனுமதியுடன் இங்கே பதிவு செய்கிறோம்.

தம்மிடம் ஒரே வகையில் இரண்டு இருந்ததால் ஒன்றை விற்பதற்கு அவர் விளம்பரம் செய்தார். அன்று மாலையே ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். விலை பேசவில்லை, நிறைகுறை கேட்கவில்லை. "பணத்தை உடனே அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள், உங்கள் கணக்கில் வந்துவிடும்" என்றார். அன்பர் அவ்வாறே செய்தார். ரூ.4,800 வருவதற்குப் பதிலாக அவர் கணக்கிலிருந்து சென்றுவிட்டது. ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை அது.

மறுநாள் காலையில் அவர் கிளைக்கு வந்தபோது முகத்தில் தெரிந்தது பண இழப்பைவிடவும் நாணமே. "இத்தனை வருடம் கணக்கு எழுதினவன் சார் நான்" என்று மட்டும் சொன்னார். 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதிவு செய்ய உதவினோம். ஆயினும் தொகை அதற்குள் பல கணக்குகள் மாறிவிட்டிருந்தது, திரும்பக் கிடைக்கவில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும் என்கிறது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். எனவே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. நாணம் கருதி ஓர் இரவு காத்திருத்தல் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றே. யூபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. பின் எண் கேட்கப்பட்டால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்று பொருள்.

நான்கு மாதங்களுக்குப் பின் மற்றொரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. "1986-ஆம் ஆண்டின் அசல் விசைப்பலகை, ரூ.9,000, பாதித் தொகை முன்பணம்." இம்முறை அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கீழ்வரிசையில் விண்டோஸ் சின்னம் இருந்தது. பின்புறத்துப் படத்தையும், அன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும் அனுப்பக் கேட்டார். மறுமொழி வரவில்லை. சற்று நேரத்தில் விளம்பரமும் மறைந்தது. அடுத்த மாதம் கிளைக்கு வந்தபோது, பாஸ்புக்கை நீட்டும் முன்பே இதைத்தான் சொன்னார்.

வாங்கிய பின்

ஆனி, ஆடி மழையில் மலைப்பகுதிக் காற்றின் ஈரம் சுருள்வில்லைத் துருப்பிடிக்கச் செய்யும். விசை மூடிகளைக் கழற்றி, மிதமான சோப்பு நீரில் கழுவி, நிழலில் முழுமையாக உலர்த்திய பின்னரே மாட்ட வேண்டும். கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொண்டால் வரிசை தவறாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைப்பது நன்று. வெயில்படும் சன்னலருகே வைத்தால் வெண்ணிற நெகிழி மஞ்சளாகும்.

அவர் கேட்ட முதல் கேள்விக்கு நாம் அளித்த விடை அவருக்கு ஏமாற்றம் தந்திருக்கக்கூடும். வங்கியின் பழைய சாதனங்களை, மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். ஒருவர் கேட்டார் என்று எடுத்துக் கொடுக்க இயலாது. நமது கிளையின் பழைய விசைப்பலகைகள் அவ்வாறே முன்னரே சென்றுவிட்டன. அவர் தலையசைத்துவிட்டு, "கொழுக்குமலை ஃபேக்டரியில் வெள்ளைக்காரன் காலத்து மெஷின் இன்னும் ஓடுகிறது சார். கீபோர்டு மட்டும் அதற்குள் குப்பையா?" என்றார்.

வாசகர்கள் தம் வீட்டுப் பரணிலோ கடையின் பின்னறையிலோ கனமான பழைய விசைப்பலகை ஒன்றைக் கண்டால், பழைய இரும்புக் கடைக்கு எடையில் போடுமுன் ஒருமுறை திருப்பிப் பின்புறத்தைப் படியுங்கள். வாங்குபவராயின், பணம் செலுத்துமுன் படியுங்கள்.