மறைத்தலும் எழுதுதலும்: லூயிஸ் தெ கார்வஹாலின் தன்வரலாறு

முன்னுரை

தன்வரலாறு என்பது தன்னைப் பிறருக்கு அறிவிக்கும் எழுத்து என்பது பொதுவான கருத்தாகும். தன்னை மறைத்தால் மட்டுமே உயிர்வாழ இயலும் என்ற நிலையிலிருந்த ஒருவர் எழுதிய தன்வரலாற்றை எங்ஙனம் வாசிப்பது? பதினாறாம் நூற்றாண்டு மெக்சிகோவில் வாழ்ந்த லூயிஸ் தெ கார்வஹால் என்னும் இளைஞரின் பனுவலைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

வரலாற்றுப் பின்புலம்

ஸ்பெயின் 1492இல் யூதர்களை வெளியேற்றியது. போர்ச்சுகல் 1497இல் அவர்களைக் கட்டாய மதமாற்றத்திற்கு உட்படுத்தியது. இவ்வாறு கிறித்தவராக்கப்பட்டோருள் சிலர் வீட்டிற்குள் பழைய நெறியைத் தொடர்ந்தனர். கார்வஹால் குடும்பமும் அத்தகையதே. லூயிசின் தாய்மாமன் நுவேவோ லெயோன் பகுதியின் ஆளுநராக அமர்த்தப்பட்டபோது, 1580இல் அவருடன் இக்குடும்பம் ஸ்பெயினின் குடியேற்ற நாடான மெக்சிகோவிற்கு வந்தது. அங்கு 1571 முதலே சமய விசாரணை மன்றம் இயங்கி வந்தது. ஆளுநர் உண்மையான கத்தோலிக்கர். லூயிசின் அண்ணன் ஒருவர் தொமினிக்கன் துறவி. எனவே மறைத்தல் தெருவில் மட்டுமன்றி வீட்டிற்குள்ளும் தேவைப்பட்டது.

மறைத்தலின் இயல்பு

லூயிஸ் தம் குலநெறியைப் பதின்பருவத்தில்தான் அறிந்தார். ஆசிரியரோ வழிபாட்டுக் கூடமோ இல்லாத சூழலில், கத்தோலிக்கரின் இலத்தீன் விவிலியமே அவருக்கு யூத நெறியைக் கற்பித்தது. அதில் ஆபிரகாமுக்கு விதிக்கப்பட்ட விருத்தசேதனம் பற்றிப் படித்து, பானுக்கோ ஆற்றங்கரையில் தனியே கத்தரிக்கோலால் அதனைச் செய்துகொண்டார். ஆகவே மறைக்கப்பட்ட நம்பிக்கை வழிவழியாக வந்தது மட்டுமன்று. ஆதிக்கச் சமயத்தின் நூலை மாற்றி வாசித்துப் பெற்றதுமாகும்.

1589இல் குடும்பத்தினருடன் கைதான அவர், மனம் வருந்தியதாகக் கூறி 1590இல் ஒப்புரவு பெற்றார். தண்டனைக் காலத்தில் த்லாதெலோல்கோவிலிருந்த சாந்தா குரூஸ் கல்லூரியில் பணியாற்றினார். அங்கிருந்த நூல்கள் அவரது மறைமுகக் கல்விக்கே உதவின.

பனுவலின் அமைப்பு

இக்காலத்தில் அவர் எழுதிய தன்வரலாறு உள்ளங்கையளவே ஆன ஏட்டில், மிக நுண்ணிய எழுத்தில் அமைந்தது. அதில் 'நான்' இல்லை. 'ஒளிபெற்றவர்' என்னும் பொருளமைந்த லும்புரோசோ என்னும் பெயருடன் யோசேப்பு என்பவராகத் தம்மைப் படர்க்கையில் கூறுகிறார். இப்படர்க்கை வெறும் பாதுகாப்பு உத்தியாகத் தோன்றவில்லை. தாய், தமக்கையர், அண்ணன்மார் பற்றிய செய்திகள் அதில் நிறைந்திருத்தலின் எழுதியவரை அறிவது கடினமன்று. உலகம் அறிந்த லூயிசே வேடம், யோசேப்பே மெய் எனத் தலைகீழாக்குவதே அதன் பணி எனலாம்.

சான்றும் வற்புறுத்தலும்

1595இல் மீண்டும் கைதானபோது, சிறையிலிருந்த சகோதரியருக்குப் பழங்களுள் மறைத்தும் விதைகளில் கீறியும் செய்தி அனுப்பினார். அவை விசாரணையாளரின் கைக்குச் சென்று படியெடுக்கப்பட்டன. சித்திரவதையின்போது பலரின் பெயர்களைக் கூறிய அவர், பின்னர் அதனை மறுத்தார். 1596 திசம்பர் 8 அன்று தாயுடனும் சகோதரியர் மூவருடனும் கொல்லப்பட்டார். இறுதி நேரத்தில் அவர் மனம் மாறியதாக உடனிருந்த துறவி எழுதியுள்ளார். மறைத்து வாழ்ந்தவரின் இறுதிச் சொல்லை அவரை ஒடுக்கிய தரப்பே பதிவு செய்துள்ளது என்பது இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

இன்று லூயிசின் அகவாழ்வை நாம் அறிவது, அதனை அழிக்க முயன்ற மன்றத்தின் ஆவணங்களால்தான். 1932இல் மெக்சிகோ ஆவணக் காப்பகத்திலிருந்து காணாமற்போன மூல ஏடு, 2016இல் நியூயார்க்கில் வெளிப்பட்டு, 2017இல் தாயகம் திரும்பியது. விசாரணை ஆவணத்தில் அச்சத்தால் கூறியதும், ஏட்டில் தாமே எழுதியதும் ஒரே தரத்துச் சான்றுகள் அல்ல. இவ்வேறுபாட்டைக் கருதாத ஆய்வு, விசாரணையாளரின் முடிவையே தன் முடிவாகக் கொள்ளும் பிழைக்கு ஆளாகும்.