சில்லும் சுமையும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் வீடு திருத்தும் தொழில் செய்து வருகின்றார். அவர் அண்மையில் ஃபோர்ட் எஃப்-150 லைற்னிங் என்னும் மின்சாரப் பிக்கப் வாகனத்தை வாங்கினார். வாங்கிய மறு வாரமே ரயர்க் கடைக்காரர் ஒருவர், அகன்ற 22 அங்குலச் சில்லுகளையும் முரட்டுப் பள்ளங்கள் கொண்ட ரயர்களையும் காட்டி, வாகனத்தின் தோற்றமே மாறிவிடும் என்றாராம். ‘ஐயா, வகுப்பிலே சொற்களைப் பதம் பிரித்துக் காட்டியவர் தாங்கள், இந்த ரயரின் விலாவில் எழுதியிருப்பதையும் பிரித்துக் காட்டுவீர்களா?’ என்று அவர் எமக்கு எழுதினார்.

தமிழாசிரியருக்கு ரயரில் என்ன வேலை என்று அன்பர்கள் நகைத்தல் கூடும். எனினும் அவ்வாகனத்திலே அவர் மரமும் சீமெந்தும் மட்டும் ஏற்றுவதில்லை. தம் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்கின்றார். ஆகவே விடயமறிந்த நண்பர்களை உசாவியும் உரிய நூல்களைப் பயின்றும் யாம் அறிந்தவற்றை, வாகனம் வைத்திருக்கும் ஏனையோருக்கும் பயன்படுமாறு இம்மலரில் எழுதுகின்றோம்.

முதலில் மின் வாகனத்தின் இயல்பை அறிதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய இப்பிக்கப்பின் அடித்தளத்திலே பெரிய மின்கல அடுக்குப் பொருத்தப்பட்டுள்ளது. அதனால் வெறும் வாகனமே ஏறத்தாழ 3 தொன் நிறையுடையது. பெற்றோல் எஞ்சின் வேகமெடுத்த பின்னரே முழு வலுவைத் தரும். மின் மோட்டரோ நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் சில்லுக்குக் கொடுக்கும். வேகத்தைத் தணிக்கும்போதும் அதே மோட்டர் சில்லை இழுத்துப் பிடித்து மின்னை மீட்டெடுக்கும். இவ்விழுப்புக்கள் யாவும் வீதியைத் தொடும் நான்கு சிறு இறப்பர்ப் பரப்புக்களின் மீதே விழுகின்றன. மின் வாகனத்தின் ரயர் விரைவில் தேய்வதற்குக் காரணம் இதுவே.

இனிப் பதம் பிரிப்போம். ரயரின் விலாவில் ‘275/60 ஆர் 20 – 116 எச்’ என்று இருப்பதாகக் கொள்வோம். 275 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 60 என்பது விலாவின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு என்பது. அதாவது 165 மில்லிமீற்றர். ‘ஆர்’ என்பது ரயரின் உட்புற நூல்கள் ஆரைகள் போல் அமைந்தவை என்பதைக் குறிக்கும். 20 என்பது சில்லின் விட்டம், அங்குலத்தில். 116 என்பது சுமைக் குறியீடு. அது ஒரு ரயர் 1,250 கிலோகிராம் தாங்கும் என்பதைச் சுட்டும். ‘எச்’ என்பது மணிக்கு 210 கிலோமீற்றர் வரை செல்லத்தக்கது என்பதற்கான அடையாளம்.

இச்சொற்றொடரில் உயிர்நாடியான பதம் சுமைக் குறியீடே. கடைக்காரர் அதனை எடுத்துச் சொல்வது அரிது. வாங்குவோர் கேட்பது அதனினும் அரிது. குறியீடு 110 ஆயின் ரயர் தாங்குவது 1,060 கிலோகிராமே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பின் தட்டிலே சுமை ஏற்றும்போது பாரம் நான்கு சில்லுகளுக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை. பெரும்பங்கு பின்னிரண்டுக்குமே போகும். ஆதலால் தொழிற்சாலையிற் பூட்டிய ரயரின் குறியீட்டிலும் குறைந்ததை ஒருபோதும் வாங்கலாகாது.

இது வீண் அச்சமன்று. 2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஃபயர்ஸ்ரோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 இலட்சம் ரயர்களை மீளப்பெற நேர்ந்தது. அவற்றுட் பல ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களிற் பூட்டப்பட்டிருந்தவை. ஓடும்போதே ரயரின் மேற்பட்டை உரிந்து வாகனங்கள் கவிழ்ந்தன. இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். குறையுள்ள ரயருக்குக் கோடை வெப்பமும் குறைந்த காற்றமுக்கமும் மிகு சுமையும் கூற்றுவனாயின. அதன் பின் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாகவே, 2008 ஆம் ஆண்டு மாதிரி முதல் அந்நாட்டின் புதிய இலகு வாகனங்கள் அனைத்திலும் காற்றுக் குறைவை அறிவிக்கும் விளக்கு இடம்பெற்றது.

அடுத்தது பயணத் தூரம். ரயர் உருளும்போது இறப்பர் நெளிந்து நிமிர்கின்றது. அந்நெளிவிலே சக்தி வெப்பமாகி வீணாகின்றது. ஆழ்ந்த பள்ளங்களும் பெரிய கட்டைகளும் உடைய ரயரில் இவ்விழப்பு மிகுதி. றிவியன் நிறுவனம் தன் மின் பிக்கப்புக்கு வழங்கிய 20 அங்குல முரட்டு ரயர்கள் பயணத் தூரத்தை நூற்றுக்கு 10 முதல் 15 வரை குறைக்கும் என்று தானே கூறியது. லைற்னிங்கின் 2022 மாதிரியிலும், பெரிய மின்கலமும் 20 அங்குலச் சில்லும் உடைய வகைக்கு 320 மைலும், 22 அங்குலச் சில்லுடைய உயர்தர வகைக்கு 300 மைலும் அரசாங்க மதிப்பீடாக அறிவிக்கப்பட்டன. உயர்தர வகையின் கூடிய நிறைக்கும் இதிற் பங்குண்டு. ஆயினும் சில்லின் பங்கும் மறுத்தற்கில்லை. அன்றியும், சில்லுப் பெருத்தால் விலா சிறுக்கும். விலா சிறுத்தால் குழியில் விழும் அடியை ரயர் தாங்காது, சில்லே நெளியும்.

சில்லின் பொருத்தமும் நுணுக்கமானது. இவ்வாகனத்தின் ஆறு திருகாணிகளும் 135 மில்லிமீற்றர் விட்டமுடைய வட்டத்தில் அமைந்தவை. வேறொரு பெரு நிறுவனத்தின் பிக்கப்புக்களில் அவ்வட்டம் 139.7 மில்லிமீற்றர். வேறுபாடு 5 மில்லிமீற்றரும் இல்லை. கண்ணாற் காண்பது அரிது. எனினும் பொருந்தாச் சில்லை வலிந்து பூட்டினால் திருகாணி தளரும், முறியும். சில்லு தன் இடத்திலிருந்து வெளியே தள்ளி நிற்பின் அச்சின் குண்டுப்போதிகைகளும் விரைவிற் பழுதாகும்.

மிச்சிக்கனிலே குளிர்காலம் கொடியது. வெப்பநிலை 5 அல்லது 6 பாகை சதமளவு குறையுந்தோறும் ரயரின் காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1 இறாத்தல் குறையும். ஆதலால் ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கையில், சாரதியின் கதவோரத்தில் ஒட்டிய பட்டியலின்படி காற்றடித்தல் வேண்டும். பனிக்கு ஏற்ற ரயரை, மூன்று சிகர மலையினுள்ளே பனித்துகள் பொறித்த முத்திரையாலே அறியலாம். இலகு லொறி வகை ரயர் பூட்டுவோர், அதே சுமைக்கு அது கூடிய அமுக்கம் வேண்டுவது என்பதையும் மறத்தலாகாது. ரயர் பிறந்த நாளையும் பார்த்துக்கொள்க: ‘2325’ என முடியும் இலக்கம் 2025 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தைக் குறிக்கும்.

எம் நாட்டவர்க்கு ரயர் அந்நியப் பொருளன்று. கியூ தோட்டத்திலிருந்து 1876 ஆம் ஆண்டில் வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. செயற்கை இறப்பர் பெருகிய இந்நாளிலும் பாரம் சுமக்கும் ரயர்களுக்கு இயற்கை இறப்பர் இன்றியமையாதது. வெப்பம் ஏறாது உழைப்பது அதன் சிறப்பு. விடியலில் மரம் வெட்டிப் பால் எடுக்கும் தொழிலாளியின் உழைப்பும் அச்சில்லிலே சுழல்கின்றது.

‘தோற்றத்துக்காக மாற்ற வேண்டாம், 20 அங்குலச் சில்லே போதும், குறியீடு 116 இற் குறையாதிருக்கட்டும், பனிக்காலத்துக்கு வேறு ரயர் வைத்திரும்’ என்று அம்மாணவருக்கு எழுதினோம். ‘அவ்வாறே செய்தேன், ஐயா. கடைக்காரரிடம் சுமைக் குறியீட்டைக் கேட்டேன். அவரும் குனிந்து விலாவை வாசித்தார்’ என்று மறுமொழி வந்தது. பதம் பிரிக்கக் கற்பித்தது பாழாகவில்லை என்று மகிழ்ந்தோம்.